இடது மூலையில் ஒரு குடை

தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தி. என் இலையில் உப்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"இன்னா சார், இலையிலதான் கீது, பாருங்க."

"எங்கய்யா இருக்கு?" என்று எகிறினேன். பக்கத்தில் இருந்த என் மனைவி வசந்தா இலையை அப்படியே திருப்பி வைத்தாள். ஊறுகாய் வந்துவிட்டது. இப்போது பொரியலைக் காணோம்! அவள் முகம் வெளிறியது. பந்தியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவது) என்றார் டாக்டர். கை கால்கள் தப்பித்தன. வந்தது இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை இடது பக்கத்தைக் கணக்கில் சேர்க்காத நிலை).

"இடது பக்கம் ஆட்டோ வந்தா உங்களுக்குத் தெரியாது சார். தனியா வெளியே போகாதீங்க."

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மாட வீதிக்குப் போகத் தடை. அழுகையே வந்துவிட்டது.

பொழுதுபோக்குக்குப் பழைய துப்பறியும் தொடர் ஒன்றைப் போட்டேன். அதில் வீணை வாத்தியார் கொலை என்ற பகுதி எனக்கு மனப்பாடம். மழைக்கு முன்பே வந்துவிட்டதாகக் கொலைகாரன் வலது பக்கம் நின்று சாதிப்பான். இடது மூலையில் அவனுடைய குடை சொட்டிக்கொண்டிருக்கும். கிட்டே போய்க் காட்டமாட்டார்கள், பின்னணி இசையும் கிடையாது. பார்க்கிறவன் கண்ணை நம்பி எடுத்த காட்சி. என்ன தைரியம் அந்த இயக்குநருக்கு!

அன்று குடையே இல்லை.

"வசந்தா! குடையை வெட்டிட்டான் பாரு!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"வெட்டல. தலையை இடது பக்கம் திருப்பிப் பாருங்க" என்று அவள் குரல் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் அதே காட்சிதான். டிவியின் இடது ஓரத்தில் அவள் தன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். பொட்டைத் தேடிப் பிடித்த பிறகுதான் படம் பார்க்க வேண்டும் என்பது பயிற்சி. சில நாள் பொட்டு கிடைத்தது, குடை கிடைக்கவில்லை. "ஒரு நாளாவது கூட உக்காந்து பாக்க மாட்டியா?" என்று சமையலறைப் பக்கம் பார்த்து எரிந்து விழுவேன்.

உங்களில் யாருக்காவது இது வந்திருந்தால், கோபப்படாதீர்கள். இல்லாததுபோலத் தெரிவது பெரும்பாலும் இருக்கும்.

ஒரு சாயங்காலம் பொட்டைத் தாண்டிக் கண் போனது. கறுப்புக் குடை. நுனியில் ஒரு சொட்டு.

"வசந்தா! குடை!"

"ம்ம்" என்று மிகப் பக்கத்தில் ஒரு சத்தம். தலையை இன்னும் இடது பக்கம் திருப்பினேன். என் நாற்காலியை ஒட்டி இன்னொரு நாற்காலி. அதில் அவள்.

"எப்ப வந்தே?"

"தினமும் இங்கதான் உக்காந்திருக்கேன். இந்தப் பக்கமே இருங்க, ஒருநாள் திரும்புவார்னு டாக்டர் சொன்னார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாட வீதிக்கு இப்போது தனியாகப் போய்வருகிறேன். நடை மெதுவாகிவிட்டது. எந்த இடமும் இரண்டு முறை பார்த்தால்தான் முழுசாகிறது. வீட்டில் யாரும் இல்லை என்று தோன்றினால், இடது பக்கம் திரும்பிப் பார்க்காமல் நம்புவதில்லை.