திருப்பூர் பஸ்ஸு

ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குச் சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த வீட்டை, நிற்காமல் கடந்துபோகச் சொன்னவன் நான். டிரைவர் மேல் தப்பில்லை. வழி தெரியாமல் போய்விடவும் இல்லை. சாலையோரம் கை காட்டிக்கொண்டு நின்ற ஆளை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் குனிந்துகொண்டேன். இதை முதலில் சொல்லிவிடாமல் கடலோரப் பயணம் பற்றி நான் என்ன எழுதினாலும் அது லாட்ஜ்களில் வைத்திருக்கும் விளம்பரக் காகிதம் மாதிரிதான் இருக்கும்.

போன கோடை லீவுக்கு முன்னால் மருமகள் தன் செல்போனை என் முன்னால் நீட்டினாள். ஒரு வாரம் கடலோரமாகவே காரில் போவதாகத் திட்டம். வேளாங்கண்ணியில் தொடங்கி ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கன்னியாகுமரி வரைக்கும் ஒரு நீலக் கோடு இறங்கியிருந்தது. எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன சாப்பிட வேண்டும் என்பதற்கெல்லாம் நட்சத்திரங்கள்.

"நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டுன்னு அவரு சொன்னாருங்க மாமா. ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

என் மகன் இதைக் கேலியாகச் சொன்னானா நிஜமாகச் சொன்னானா என்று தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேலேயே விரலை ஓட்டினேன். திருச்செந்தூரைத் தாண்டித் தேரிகள் என்னும் செம்மணல் மேடுகளுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு கடலை விட்டு விலகுகிறது. அங்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு பிரிந்து கடற்கரைக்குப் போகிறது. விரல் அங்கே நின்றுவிட்டது.

"இங்க ஒரு எடத்துல நிறுத்தோணும் கண்ணு."

அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இங்க என்னங்க மாமா இருக்குது? ஒரு ஸ்டார்கூட இல்லீங்களே."

எங்கள் திருப்பூர்க்காரர்களுக்குக் கடல் என்பது சரக்கு போய்ச் சேரும் இடம். பெட்டிகளைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டில் இருப்போம். தண்ணீர் என்றால் அன்றைக்கு எந்தச் சாயம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் இருக்கும் ஆறுதான் நாங்கள் அறிந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், முதன்முதலாக எங்கள் பனியன் கம்பெனி ஆட்களை வேளாங்கண்ணிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தியபோது, செக்கிங்கில் இருந்த ஒரு பெண் அந்த நீலத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரோட ஆர்டருங்க சார்?" என்று கேட்டாள். ஷேடு ஒரே சீராக வந்திருக்கிறது என்று இன்னொருத்தி பாராட்டினாள்.

அந்த வருஷம் நூல் தட்டுப்பாடு. நிட்டிங் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் முதலாளி குன்னத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். ஆட்களை வேலையில்லாமல் வைத்திருப்பது அவருக்கு உடம்புக்கே ஆகாது. "சும்மா உக்காந்து ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துட்டு இருக்கறதுக்குக் கடலையாச்சும் பாத்துட்டு வரலாமுங்க" என்றார். ஏழு நாள் பயணத்துக்குத் திட்டம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, பனியன் பெட்டிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கும் மேனேஜராக இருந்தேன். என் படிப்புக்கு ஏற்ற வேலை கடைசியில் கிடைத்ததென்று நினைத்து, 'மாலை: இயற்கைக் காட்சி' என்றெல்லாம் டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

அந்த பஸ்ஸின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. டீசல், வாடிய மல்லிகை, வாந்திக்காகக் கையில் கொடுத்திருந்த எலுமிச்சம்பழம். இன்றைக்கும் எலுமிச்சையை நகத்தால் கீறினால் எனக்கு நாகப்பட்டினம் வந்துவிடும். சேவூரிலிருந்து ஒரு சமையல்காரரை அடுப்பு, அண்டா சகிதம் கூட்டிப்போயிருந்தோம். வெளியூர்ச் சாப்பாடு ஆட்களுக்குச் சேராது என்பது என் தீர்மானம். வேளாங்கண்ணியில் அரிசிம்பருப்பு சாதம். ராமேஸ்வரத்தில் அரிசிம்பருப்பு சாதம். தூத்துக்குடியில் ஒரு மாறுதலுக்காகத் தக்காளிச் சாதம். பஸ்ஸுக்குள் வீடியோவில் படம் ஓடியது. வெளிச்சம் விழுந்தால் படம் தெரியாதென்று ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டார்கள். கடலோரமாகவே போனோம் என்பதற்கு டிரைவர் மட்டும்தான் சாட்சி.

திட்டத்தை ஒட்டிய அன்றே மிக்கேல் என் மேஜைக்கு வந்தார். ஓவர்லாக் மெஷினில் டெய்லர். அந்தத் தேரிக்கு அப்பாலுள்ள கடற்கரை ஊர்க்காரர். அவர் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. ஊர் சிரித்த சிரிப்புத் தாங்காமல்தான் திருப்பூருக்கு வந்து தையல் பழகினார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"சார், பஸ்ஸு எங்க ஊரு வெலக்கு வழியாத்தான் போவுது. எல்லாரும் ஒரு நேரம் எங்க வீட்டுல சாப்புடணும். எங்கம்மா ரொம்ப ஆசப்படுதா."

"அவ்வளவு பேருக்கு எதுக்குங்க மிக்கேல் சிரமம்?"

"என்ன சார் சிரமம்? மொதலாளி வந்து உக்காந்து ஒரு வாய் சாப்ட்டாவன்னா எங்க ஊர்ல ஒரு பய இனிமே என்னப் பாத்து வாயத் தொறக்கமாட்டான்."

நான், "ஆகட்டுங்க" என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் ஆகட்டுங்க, பெண் கேட்டு வந்தாலும் ஆகட்டுங்க. அந்த 'ஆ'வை எவ்வளவு இழுக்கிறார் என்பதை வைத்துத்தான் வருவாரா மாட்டாரா என்று கண்டுகொள்ள வேண்டும். சட்டென்று சொன்னால் சரி. கொஞ்சம் நீண்டால் அது மரியாதையான மறுப்பு. நான் நன்றாகவே இழுத்தேன். மிக்கேல் திருப்பூருக்கு வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. இழுப்பெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் ஊரில் ஆகட்டும் என்றால் ஆகட்டும். அது அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சோறாக்குவதற்கு உதவியாக அவர் முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பிப் போனதும் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் எம்.ஏ. அந்த அளவுக்கு உதவியது.

ஏன் என்று கேட்பீர்கள். முதலாளி முகம் சுளிப்பார், முதலாளியம்மா பட்டுப் புடவையோடு அந்தச் சின்ன வீட்டில் எங்கே உட்காருவார், மீன் நாற்றம் பஸ்ஸில் ஏறிவிடும் என்று நானாகவே முடிவு செய்தேன். அவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கும் அடியில், மிக்கேல் வீட்டார் வேறு ஆட்கள், நாம் வேறு ஆட்கள் என்ற நினைப்பு இருந்தது. அதை முதலாளியின் தலையில் ஏற்றிவிட்டேன்.

கடற்கரைக்குச் சாலை பிரியும் அந்த விலக்கில் மிக்கேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சிவப்புத் துண்டோடு நின்றிருந்தார். சுற்றிலும் பையன்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் இருந்த நாங்கள் இருவர்தான்.

"சார், யாரோ கை காட்டறாங்க. நம்ம கம்பெனி ஆளாட்ட இருக்குது."

"நேரமாச்சுங்க. கன்னியாகுமரியில சூரியன் மறையறதப் பாக்கோணும். நேராப் போங்க."

சூரியன் அப்போது தலைக்கு மேலே இருந்தது. டிரைவர் என்னை ஒருமுறை பார்த்தார், கண்ணாடி வழியாக வானத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். கன்னியாகுமரியில் அன்று மேகம். சூரியன் மறைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. இருட்டில் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பியதும், "நேரமாயிருச்சுங்க மிக்கேல்" என்றேன். "பரவால்ல சார். தெருவே சாப்புட்டுச்சு" என்று மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். வர முடியாமல் போனவர்களுக்கென்று அவர் அம்மா லூர்தம்மாள் கொடுத்தனுப்பிய ஓலைப்பெட்டி ஒன்றை என் மேஜையில் வைத்தார். சில்லுக்கருப்பட்டி. சுக்கு வாசம் ஆபீஸ் முழுக்க. முதலாளி இரண்டு கட்டி எடுத்துக் கடித்துவிட்டு யார் ஊர் பலகாரம் என்று கேட்டார். பல வருஷம் கழித்து, நான் வேலையை விட்டு விலகும் நாளில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "அட, நிறுத்தியிருக்கலாமுங்களே! எனக்கு மீனுன்னா உசுருங்க. ஊட்டுல அவ செய்யமாட்டா."

யார் பெயரைச் சொல்லிப் பாவம் செய்தேனோ அவரும் கைவிட்டுவிட்டார்.

மருமகளின் செல்போனில் விரல் நின்ற மறுநாள் பெருமாநல்லூருக்கு பஸ் ஏறினேன். மிக்கேல் அங்கே சொந்தமாகச் சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறார். வடக்கத்திப் பையன்களிடம் இந்தியில் அதட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "வாங்க சார், உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். பேச்சில் அவர் ஊர் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு ரோட்டுல உங்களப் பாத்தேனுங்க மிக்கேல். நிறுத்த வேண்டாம்னு சொன்னது நாந்தானுங்க."

அவர் ஒரு பனியனின் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தார். "தெரியுமுங்க சார். பஸ்ஸு திரும்பி வந்த அன்னைக்கே டிரைவரு சொல்லிட்டாருங்க. உச்சி வெயில்ல சூரியன் மறையறதப் பாக்கற மேனேஜர் உங்களுக்கு வாச்சிருக்காருன்னு."

அத்தனை வருஷமும் தினம் காலையில் எனக்கு வணக்கம் சொன்ன ஆள் இவர். "அடுத்த வாரம் அந்த வழியாப் போறோமுங்க. உங்க ஊட்டுல நின்னு ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகோணும்" என்று மட்டும் சொன்னேன். அம்மா இருக்கிறாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மிக்கேல் சிரித்தார். "ஆகட்டுங்க" என்றார்.

இழுத்தாரா, சட்டென்று சொன்னாரா? வழியெல்லாம் அதையே காதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். மருமகளின் நட்சத்திரக் கடைகளில் என்ன சாப்பிட்டோம் என்பது எனக்கு நினைவில்லை. பேரப்பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். திரையை இழுத்து மூடும் வேலை இப்போது இல்லை.

விலக்கில் யாரும் நிற்கவில்லை. ஒரு டீக்கடை இருந்தது. மகனை நிறுத்தச் சொல்லி இறங்கி, மிக்கேல் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த மிக்கேலு? இங்க கல்ல விட்டெறிஞ்சா ஒரு மிக்கேலு மேலதான் விழும்" என்றார் டீக்கடைக்காரர்.

"திருப்பூர்ல இருக்காருங்களே. லூர்தம்மா மகன்."

"அந்த வீட்டக் கடல் கொண்டுபோயிட்டே சார். அந்தம்மா அதுக்கு முன்னாலயே போயிட்டாவ." டீயை ஆற்றிக்கொண்டே, ஐஸ் லாரி வருமா என்று கேட்ட ஒரு பையனிடம், "அவன் எங்கல வரப்போறான்? அவன் திருப்பூர் பஸ்ஸுல்லா" என்றார்.

அப்படியென்றால் என்னவென்று மருமகள் கேட்டாள்.

"அது இங்க ஒரு பேச்சும்மா. வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வராதவன எங்க ஊர்ல திருப்பூர் பஸ்ஸுன்னு சொல்லுவோம். ஏன்னு தெரியாது. நான் சின்னப் பயலா இருக்கும்போதே சொல்லுதாவ."

அன்று நான் செய்தது ஒரு ஊரின் பேச்சில் ஒரு வரியாக நிலைத்துவிட்டது. "அந்த பஸ்ஸுல நான் இருந்தேனுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எங்கள் காரைப் பார்த்தார், பிறகு தெருப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: "ஏல, திருப்பூர் பஸ்ஸு வந்துட்டுல!"

மிக்கேலுக்கு போன் செய்தேன். "வந்துட்டோமுங்க. உங்க ஊரு விலக்குல நிக்கறோம்."

மெஷினை நிறுத்தச் சொல்லி அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

"நெசமாவே வந்துட்டியளா சார்?" அவருடைய பழைய பேச்சு, அத்தனை வருஷத்துக்குப் பிறகு. "நீங்க மரியாதைக்குச் சொல்லுதியன்னுல்லா நெனச்சேன். அங்கனயே இருங்க. தங்கச்சி வீடு கோயிலுக்குப் பின்னால. போன் போடுதேன்."

காத்திருந்தோம். வெயில் சாய்ந்தது. "மாமா, கன்னியாகுமரியில சன்செட் போயிருமுங்க" என்றாள் மருமகள். போகட்டும் என்றேன்.

தங்கச்சி செல்வமேரி கையில் இருந்த மீனைக் குழம்பு வைத்து, எங்களைத் தரையில் பாய் போட்டு உட்காரவைத்தார். பின்கதவு வழியாக அலைகளைக் காட்டினார். "அந்தா, அந்த வள்ளம் நிக்குதுல்லா, அங்கதான் எங்க வீடு. அன்னைக்குப் பந்தல் போட்டு இலை விரிச்சது அங்கதான்." அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "எங்கம்மா சாகுத வரைக்கும், பஸ்ஸு ரிப்பேராயிருக்கும்னே சொல்லிட்டு இருந்தா. பாவம், அத்தன பேரும் பசியோட எந்தக் காட்டுல நின்னாவளோன்னு."

"ரிப்பேர் ஆகலீங்கம்மா" என்றேன்.

"தெரியும். அண்ணன் சொல்லிட்டான்." அவர் கரண்டியோடு குனிந்தார். "அம்மாட்டதான் யாரும் சொல்லல. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

போதும் என்று சொல்ல நினைத்து, வாய்ப் பழக்கத்தில், "ஆகட்டுங்க" என்றேன், நன்றாக இழுத்து.

அவர் ஊற்றினார். தட்டு நிறைய.