அப்பா சாப்பிடாத மாத்திரைகள்

இது நடந்தது 1992-இல், கிழக்குத் தாம்பரத்தில். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. செருப்பு கடித்து அப்பாவின் கால் கட்டைவிரலில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம் என்று தெரிந்தது.

2. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் தலை நிமிராமலே மாத்திரை எழுதினார்: காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

3. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்த நான், மாத்திரை போட்டதும் டிக் செய்ய ஓர் அட்டவணை தயாரித்துச் சுவரில் ஒட்டினேன்.

4. இரண்டு மாதம், ஒரு கட்டம் விடாமல் அப்பா டிக் போட்டார்.

5. சர்க்கரை குறையவே இல்லை. புண் பெரிதானது.

மறுபடி போனபோது டாக்டர் சத்தம் போட்டார். "இப்படியே போனா காலை எடுத்துட வேண்டியதுதான். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க." வெளியே வந்ததும் அப்பா, இனி அந்தப் படி ஏறமாட்டேன் என்று மட்டும் சொன்னார். வீட்டில் நானும் அட்டவணையைக் காட்டி விசாரணை நடத்தினேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா கெஞ்சியபிறகு, சேலையூரில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த பெண் டாக்டரிடம் அப்பா வந்தார். டாக்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்று சாவகாசமாக விசாரித்தார். நான் அட்டவணையை நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டா உங்களுக்கு என்ன பண்ணுது சார்?"

அப்பா கட்டுப் போட்ட காலைக் கீழே இறக்கி வைத்தார். "எட்டு மணிக்கெல்லாம் கை நடுங்குதும்மா. கண்ணு இருட்டிகினு வருது. லேத் மெஷின்ல நிக்கிறவன் நான். விரல் போச்சுன்னா இன்னா பண்றது?"

முதல் வாரத்திலேயே இரண்டு வேளையும் நிறுத்திவிட்டாராம். நான் வருத்தப்படுவேன் என்று டிக் மட்டும் போட்டிருக்கிறார்.

அப்பா ஐந்தரைக்கு வெறும் காபியோடு மாத்திரை போட்டுக்கொண்டு ரயில் பிடிப்பார். டிபன், தொழிற்சாலை கேன்டீனில் ஒன்பது மணிக்குத்தான். வெறும் வயிற்றில் போட்டதால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அளவைக் குறைத்து எழுதினார்.

"டிபன் தட்டு முன்னாடி வந்தப்புறம் போடுங்க. அப்பவும் நடுங்கினா ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கிட்டு, என்கிட்ட வந்து சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

பஸ்ஸில் அப்பாவிடம், இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தம்மா கேட்டாங்க, சொன்னேன். நீ எப்பம்மா கேட்ட?"

பொய்யாக டிக் போட்டதற்காக அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காத என்னை நினைத்தால்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது. புண் ஆற மூன்று மாதமாயிற்று. சர்க்கரை அதன்பிறகும் கொஞ்சம் கூடுதல்தான். அப்பா வேலைக்குப் போனார், மாத்திரை தவறவில்லை.