எலிகள் இளைக்கவே இல்லை

கோடை விடுமுறை விட்டால் மருத்துவக் கல்லூரியே காலியாகிவிடும். பின்கட்டிடத்தில் எலிகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் மட்டும் அப்போதுதான் தலைவலி தொடங்கும். ஆராய்ச்சிப் பயிற்சி என்று எட்டு வாரத்துக்கு மாணவர்கள் வந்து இறங்குவார்கள். கூண்டைத் திறப்பார்கள், மூடமாட்டார்கள். கழற்றின கையுறையைக் கழுவுகிற தொட்டியிலேயே போடுவார்கள்.

பதினாறு வருடமாக அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் எலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டாள். கண் மட்டும் சும்மா இருக்காது.

இந்த வருடம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணினாள். வெளியூரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் கையில் வாங்கவில்லை. போனில் பார்த்ததெல்லாம் ஒரு பார்வையா? எலிச் சோதனை முடிந்த மறுநாளிலிருந்து பன்னிரண்டு நாள் லீவு தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

சோதனை சாதாரணமானதுதான். ஆறு எலிக்கு நாலு வாரம் அரைவயிற்றுத் தீனி. இளைத்த உடம்பில் ரத்தச் சர்க்கரை எப்படி மாறுகிறது என்று பயிற்சிக்கு வந்த மாணவி எழுத வேண்டும். முந்நூறு பேர் விண்ணப்பித்ததில் பொறுக்கியெடுத்த பதினைந்து பேரில் ஒருத்தி அவள். மூன்றாவது வார முடிவில் எடை போட்டால், ஆறும் கொழுகொழுவென்று இருந்தன.

"அளந்துதான் போடறியா, இல்ல கைக்கு வந்தத அள்ளிக் கொட்டறியா?" என்று எலியக்காவைக் கேட்டார் பேராசிரியர். "எடை குறையாம சோதனை முடியாது. சோதனை முடியாம லீவும் கிடையாது."

ஒரு கிராம் கூடினாலும் திருப்பி எடுக்கிறவள் அவள். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். போய்க் கூண்டுகளைப் பார்த்தாள். மரத்தூளுக்கு நடுவே மஞ்சளாகத் துகள்கள். எடுத்து மோந்தாள். வெண்ணெய் வாசனை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கதவுக்குப் பின்னால் நின்றாள். மாணவி வந்தாள். வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து உடைத்து, ஆறு கூண்டுக்கும் பங்கு வைத்தாள்.

"சாப்பிடுடா குண்டா. அந்த அக்காகிட்ட சொல்லிடாத."

"அது சொல்ல வேணாம், நானே பாத்துட்டேன்," என்றாள் எலியக்கா.

"ஐயோ அக்கா! கம்பியப் பிடிச்சிட்டு என்னையே பாக்குதுங்கக்கா. பாவமா இருந்துச்சு."

"பட்டினி போடணும்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானே டாக்டரம்மா?"

"எழுதும்போது எலி எதிர்ல இல்லக்கா."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னையோட நிறுத்திடறேன். ஒரு வாரத்துல இளைச்சிடும்ல? சோதனையும் முடிஞ்சிடும், நீங்களும் பாப்பாவப் பாக்கப் போயிடலாம். சார்கிட்ட மட்டும் சொல்லாதீங்கக்கா, என்னைத் துரத்திடுவாரு."

எலியக்கா மதியம் முழுக்க அதையே மென்றாள். சொன்னால் வேறு ஆறு எலியோடு முதலிலிருந்து நாலு வாரம். அதற்குள் கல்லூரி திறந்துவிடும், அப்புறம் லீவு ஏது? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்கியது. உள்ளே போகிற தீனி எதுவானாலும் அதில் ஏற வேண்டும். 'எட்டு கிராம்', 'எட்டு கிராம்' என்று மூன்று வாரமாக வரிசை. ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்து.

சாயங்காலம் பேனாவை எடுத்து ஆறு அட்டையிலும் எழுதினாள்: 'எட்டு கிராம். பிஸ்கட்டும்.'

காலையில் அதைப் படித்த பேராசிரியர் குதித்த குதியில் எலிகளே மூலைக்கு ஓடின. விசாரித்ததில் மாணவி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். "இன்னொரு தடவை இப்படி நடந்தா பெட்டியக் கட்டிக்கலாம்," என்று அவளிடம் கத்திவிட்டு எலியக்கா பக்கம் திரும்பினார்.

"புதுசா ஆறு எலி எடு. லீவு இல்ல, புரியுதா?"

இத்தனை வருடத்தில் அவரிடம் "சரிங்க சார்" தவிர அவள் எதுவும் சொன்னதில்லை.

"பிஸ்கட் போட்டது நான் இல்லீங்க சார்." அதோடு நிறுத்தவில்லை. "என் பேத்தி என்ன தப்பு பண்ணுச்சு? பயிற்சின்னுதானே வந்திருக்காங்க? தீனி அளக்கறது, தட்டு கழுவறது எல்லாம் பயிற்சியில சேராதா? நான் வர்ற வரைக்கும் அவங்களே பாக்கட்டும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றாள் மாணவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எட்டு நாள்," என்றார் அவர். "ஒம்போதாவது நாள் காலையில நீ இங்க இருக்கணும்."

பன்னிரண்டில் நாலு போய்விட்டது. எலியக்கா மனசுக்குள் திட்டிக்கொண்டே மாணவியைக் கூண்டு வரிசைக்குக் கூட்டிப்போய், முதல் கழிவுத் தட்டை உருவி நீட்டினாள்.

"மூக்கைப் பொத்தாதீங்க. இதுக்கு ரெண்டு கையும் வேணும்."