தூண்டில் சம்மாட்டி

மரியரட்ணத்துக்குத் தூண்டிலைக் கண்டாலே பிடிக்காது. அவனுடைய ஊரான பேசாலையில், கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்கள் இரண்டே வகைதான்: பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த பொடியன்கள், இல்லாவிட்டால் மனிசியின் வாய்க்குப் பயந்து வீட்டை விட்டு எழும்பிவந்த கிழவர்கள். மானமுள்ளவன் கரைவலை இழுப்பான். மரியரட்ணம் மீசை முளைக்கும் முன்பே வலைக்கயிற்றில் கை வைத்தவன். சண்டை தொடங்கி, கடலுக்கு இறங்கக்கூடாது என்று சட்டம் வந்து, வலை மணலில் கிடந்து உக்கும்வரைக்கும் அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

அப்படிப்பட்டவன் எண்பத்தாறாம் ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே, முழங்கால் வரைக்கும் பனியில் நின்றுகொண்டு தூண்டில் பிடித்தான் என்றால் அதற்குக் காரணம் எமிலியாதான்.

எமிலியா அவனுடைய மனைவி. மூத்த பிள்ளை பிறந்து இரண்டாம் கிழமை நடந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை. பிறக்கும்போது இருந்த நிறையைவிட இப்போது குறைவு என்று வீட்டுக்கு வருகிற நேர்ஸ் தராசைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். தாய்ப்பால் போதவில்லையாம். தாய் சாப்பிட்டால்தானே பால் வரும்? எமிலியா சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த கறுத்தப் பாணும் குளிர்ந்த இறைச்சியும் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு கவளம் சோற்றோடு கையைக் கழுவிவிடுவாள்.

"எனக்குச் சரக்குக்கறி வேணும்," என்றாள். "மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அரைச்சு, மிளகாய்த்தூள் போடாமல், மீன்தலையோட. பிள்ளை பெத்தவளுக்கு அதுகூட இல்லையெண்டால் என்ன சீவியம் இது?"

சரக்கு இருந்தது. தலைநகர்ப் பக்கம் புரொண்பியில் இருந்த அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா விக்ரோரியா பொதி கட்டி அனுப்பியிருந்தாள். மீன்தான் இல்லை. கடையில் வாங்கின உறைந்த மீன் நாலு மூலையாக, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் இருந்தது. எமிலியா அதைத் தட்டிப் பார்த்து, "இது சவர்க்காரக் கட்டி," என்றாள். பிறகு மீன்கடைக்குப் போய்த் தலையோடு ஒரு கொட் மீன் வாங்கிவந்தான். அவள் கட்டிலில் இருந்தபடியே அதன் செவுளை விரித்து மணந்து பார்த்தாள். "இது செத்து நாலு நாள். இதைத் திண்டால் எனக்கும் பிள்ளைக்கும் வயித்தாலதான் போகும்." அவளும் பேசாலைக்காரிதான். அவளை ஏமாற்ற முடியாது.

மரியரட்ணத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் கூடை கூடையாக மீன் கண்டவன் பெண்சாதிக்கு ஒரு தலை கொண்டுவர முடியாமல் நிற்கிறான்.

அந்த நேரத்தில்தான் ஸ்வென் வந்தார். அவர்கள் குடியிருந்த மாடித் தொகுதியைப் பார்த்துக்கொள்கிற விசவேர்ட் அவர், கீழ்வீட்டில் இருந்தார். ஐம்பது கடந்த, தடித்த, அதிகம் பேசாத மனிதர். வெந்நீர்க் குழாயைத் திருத்த வந்தவர், சுவரில் மாதா படத்தின் கீழே ஒட்டியிருந்த பழைய போட்டோவைப் பார்த்தார். அதில் மரியரட்ணமும் இன்னும் பத்துப்பேரும் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வென் போட்டோவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து, "நீ மீனவனா?" என்று கேட்டார். அகதிகளுக்கான டேனிஷ் வகுப்பில் அரை வருடம் இருந்தவனுக்கு அந்த அளவு விளங்கும். "ஓம்" என்பதை டேனிஷில் சொல்லி, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். ஸ்வென் சிரித்தார். சனிக்கிழமை காலமை ஆறு மணிக்குக் கீழே நில், என்னுடைய தூண்டில் சங்கத்தில் உனக்கு விருந்தாளி அட்டை எடுக்கிறேன் என்றார்.

விடியமுன், பனி வெளிச்சத்தில் ஆற்றைக் கண்டதும் மரியரட்ணத்துக்குச் சப்பென்று போய்விட்டது. ஆறாம்! இந்தப் பக்கத்திலிருந்து எச்சில் துப்பினால் அந்தப் பக்கத்தில் விழும். இரண்டு கரையிலும் ஐஸ் கட்டி, நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இதற்குள் மீன் எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்தான். சொல்லத்தான் டேனிஷ் காணாது.

ஸ்வென் தன்னுடைய தடிகளில் ஒன்றை அவன் கையில் தந்தார். அதில் றீல், மெல்லிய தங்கூசி நூல், நுனியில் கரண்டியை வெட்டினது மாதிரி ஒரு வெள்ளித்தகடு, அதில் முள். எறிந்து காட்டினார். பூப்போலப் போய் விழுந்தது. மரியரட்ணம் எறிந்தான். தகடு ஸ்வெனின் கம்பளித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்ற மரத்தில் தொங்கியது. ஸ்வென் போய்த் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, இந்த முறை இருபது அடி தள்ளி நின்றார்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். தடியிலிருந்த வளையங்களில் ஐஸ் அடைத்தது. நாலு எறிக்கு ஒருக்கால் தடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஐஸைக் கரைக்க வேண்டும். விரல்கள் தன்னுடையவையா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. விடிந்து வந்தபோது ஸ்வெனின் தடி வளைந்தது. மரியரட்ணம் தன் தடியைப் போட்டுவிட்டு ஓடினான். கடலிலிருந்து ஏறிவந்த ட்ரவுட் மீன். கை நீளம் இருந்தது. மாதாவே, கறி வந்துவிட்டது என்று நினைத்தான்.

ஸ்வென் அதைத் தண்ணீரை விட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்துக் கொஞ்சநேரம் வைத்திருந்து, விட்டுவிட்டார்.

"ஐயோ, அறுவானே!" என்று மரியரட்ணம் தமிழில் கத்திவிட்டான். பிடித்த மீனை விடுகிற மனிதனை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. ஸ்வென் நின்று நிதானமாக விளக்கினார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார், முட்டை இட்டுவிட்டது என்றார், மெலிந்துவிட்டது என்று விரலால் காட்டினார், திரும்பக் கடலுக்குப் போகிற மீன், கொல்லக்கூடாது, சங்கத்துச் சட்டம் என்றார். மரியரட்ணத்துக்கு மெலிந்த மீன் என்றது மட்டும் விளங்கியது. அதுவும் உண்மைதான், தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டிப்போயும் இருந்தது. ஆனாலும் தலை பெரிது என்பதுதான் அவனுக்கு மனத்தை விட்டுப் போகவில்லை.

ஒன்பது மணி போல, வாங்கோ போவம் என்று சொல்லிவிடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கூசி நின்றது. ஐஸில் கொளுவிவிட்டது என்று இழுத்தான். ஐஸ் திருப்பி இழுத்தது.

றீலைச் சுற்று, சுற்று என்று ஸ்வென் கத்தினார். யாருக்கு அந்த நேரத்தில் றீல் ஞாபகம் வரும்? கைகளுக்குத் தெரிந்ததைக் கைகள் செய்தன. மரியரட்ணம் தடியைத் தோளில் போட்டு, குதிக்காலைப் பனியில் ஊன்றி, கரைவலை இழுக்கிற மாதிரிப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான். "ஏலேலோ" மட்டும்தான் பாடவில்லை. ஸ்வென் தலையில் கை வைத்தார். தங்கூசி அறாதது மாதாவின் புண்ணியம். மீன் ஐஸ் விளிம்பில் வழுக்கிக்கொண்டு ஏறியபோது ஸ்வென் அத்தாங்கு வலையோடு பாய்ந்து விழுந்து அமுக்கினார். அப்போது மரியரட்ணம் வேலியில் முதுகு முட்டி நின்றுகொண்டிருந்தான்.

மினுமினுவென்று வெள்ளி நிறம். பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. வயிறு சினையோடு தள்ளிக்கொண்டு நின்றது. இதையும் விடப்போகிறாரோ என்று மரியரட்ணம் மீனுக்கும் ஆற்றுக்கும் நடுவில் போய் நின்றான். ஸ்வென் சிரித்தார். இது இந்த ஆற்று மீன் இல்லை, கடல் உள்ளே நுழைந்த ஃபியோர்ட்டில் வலைக்கூடு கட்டி வளர்க்கிற மீன், கூடு உடைந்து தப்பி வந்தது, இதைக் கொல்லலாம் என்றார். கட்டையால் தலையில் ஒரு அடி போட்டார். தப்பி வந்ததற்கு இதுதான் மரியாதையோ என்று மரியரட்ணம் ஒரு கணம் யோசித்தான். பிறகு எமிலியாவை நினைத்துக்கொண்டு அந்த யோசனையை விட்டான்.

இனித்தான் கேளுங்கள், அவன் செய்த விசர்வேலையை.

பேசாலையில் வலை முதலாளியுடையது, அவரைச் சம்மாட்டி என்பார்கள். எத்தனை பேர் இழுத்தாலும், மீன் கரைக்கு வந்தபிறகு சம்மாட்டி கை வைத்துப் பங்கு பிரிக்கும்வரை ஒருவனும் ஒரு மீனைத் தொடக்கூடாது. தொட்டால் கள்ளன். என் பங்கு எங்கே என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. கேட்டால் சம்மாட்டியை நம்பவில்லை என்று அர்த்தம். இருபது வருடம் அந்த ஒழுங்கில் வளர்ந்தவன் இப்போது பார்த்தான்: தடி ஸ்வெனுடையது, கார் ஸ்வெனுடையது, அட்டை ஸ்வென் எடுத்தது. அப்போ சம்மாட்டி ஆர்? மரியரட்ணம் மீனை இரண்டு கையாலும் தூக்கி, ஸ்வெனின் காலடியில் வைத்து, இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஸ்வென் மீனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "எனக்கா?" என்றார்.

மரியரட்ணம் தலையாட்டினான்.

ஸ்வெனின் முகம் சிவந்தது. வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றி, நன்றி என்றார். மீனைப் பேப்பரில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்தார். சரி, வீட்டில் வைத்துப் பிரிப்பார் என்று மரியரட்ணம் நினைத்தான். வீடு வந்தது. ஸ்வென் இன்னொருமுறை கை குலுக்கி, என் மனைவி இங்கெர் சந்தோஷப்படுவாள் என்று சொல்லி, பேப்பர்ச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மாடிப்படியில் ஏறும்போதே உள்ளியும் மிளகும் மணந்தது. எமிலியா எழும்பி, சரக்கை அரைத்து உருட்டி வைத்திருந்தாள். அவனுடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"படேல்லையோ?"

"பட்டது. பெரிய மீன். சினையோட."

"அப்ப எங்க?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது பைத்தியக்காரக் கதையாகக் கேட்டது. எமிலியா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கட்டிலில் போய் இருந்து அழுதாள்.

"அந்தாளுக்கு எங்கட பங்கு, சம்மாட்டி எல்லாம் என்னண்டப்பா தெரியும்? நீங்கள் சும்மா குடுத்ததெண்டு நினைச்சிருக்கும். போய்க் கேளுங்கோ."

"குடுத்ததைப் போய்க் கேக்கிறதோ? நானோ?"

"பின்னை ஆர், நானோ போறது? பிள்ளையைப் பாருங்கோ."

பிள்ளை தொட்டிலில் கிடந்து அழுதது. அழக்கூடப் பலமில்லாத அழுகை. மரியரட்ணம் கழற்றின சப்பாத்தைத் திரும்பப் போட்டான்.

கீழே இறங்குகிற படிகளில் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. பேசாலைக் கரையில் வலை ஏறும்போது சில பெண்கள் ஓலைப்பெட்டியோடு வந்து ஓரமாக நிற்பார்கள். வலையில் பங்கில்லாதவர்கள், கறிக்கு வந்தவர்கள். அவனும் தன் பங்கிலிருந்து இரண்டு மூன்றை அவர்கள் பக்கம் எறிந்திருக்கிறான். ஒருநாளும் முகத்தைப் பார்த்து எறிந்ததில்லை. அவர்கள் எப்படி நின்றார்கள் என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கதவு மணியை அழுத்தமுன் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

இங்கெர்தான் கதவைத் திறந்தாள். குசினி மேசையில் பேப்பர் விரித்து, அதன்மேல் மீனின் சதை இரண்டு துண்டாக, தோலுரித்து, முள்ளெடுத்து, இளஞ்சிவப்பாகக் கிடந்தது. ஸ்வென் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் தலை, நடுமுள், வால், சினை எல்லாம் குப்பைக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தன. தலையில் கண் இன்னும் தெளிவாக இருந்தது.

மரியரட்ணம் வாளியைக் காட்டினான். தெரிந்த டேனிஷ் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்: "என் மனைவி. பிள்ளை சின்னது. பால் இல்லை. தலை, தாருங்கள்."

ஸ்வென் கத்தியைக் கீழே வைத்தார். இங்கெர் புருஷனைப் பார்த்த பார்வையில் அவருடைய முகம் காதுவரைக்கும் சிவந்தது. மேசையிலிருந்த சதைத் துண்டுகளை அப்படியே பேப்பரோடு அள்ளி அவனிடம் நீட்டினார். எல்லாம் உன்னுடையது, எனக்குத் தெரியாமல் போயிற்று என்றார்.

"இல்லை," என்று மரியரட்ணம் பேப்பரைத் திரும்ப மேசையில் வைத்தான். அதைக் காட்டி, "உங்களுக்கு," என்றான். வாளியைக் காட்டி, "எனக்கு." இப்போது அவனுக்குச் சொல் தேடவேண்டி இருக்கவில்லை. இது பங்கு. பங்கை யாரும் பிச்சை என்று சொல்ல முடியாது.

எமிலியா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். செவுளை விரித்தாள். இரத்தச் சிவப்பு. "சதையை வைச்சுக்கொண்டு தலையையும் சினையையும் தந்தவையோ? பாவங்கள், சாப்பிடத் தெரியாத சனம்," என்றாள். கட்டிலில் இருந்தபடியே, புளி காணாது, தண்ணியைக் குறையுங்கோ, இப்ப சினையைப் போடுங்கோ என்று சத்தம் போட்டு, அவனைக் கொண்டே கறியைச் சமைத்து முடித்தாள். அடுப்பால் இறக்கினவுடன் முதல் கோப்பை கீழே இங்கெருக்குப் போனது. அதை அனுப்பச் சொன்னதும் அவள்தான்.

பிறகு சாப்பிட்டாள். நெற்றி வேர்க்க வேர்க்க, குழல்முள்ளை உறிஞ்சி, சோறு இரண்டாம் தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். மரியரட்ணம் எதிரே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குக் கறி போட்டுக்கொள்ளவில்லை. சட்டி அவள் பக்கத்தில் இருந்தது. அவள் சாப்பிடட்டும் என்று வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

எமிலியா தலையைப் பிளந்து, கன்னத்துச் சதையைத் தோண்டி எடுத்து, அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

"இந்தாங்கோ உங்கட பங்கு," என்றாள். "நீங்கள் வாய் திறந்து கேக்கமாட்டியள்."

அவன் குனிந்து சாப்பிட்டான். தொட்டிலில் பிள்ளை முனகத் தொடங்கியது. எமிலியா கையைக் கழுவிக்கொண்டு எழும்பினாள்.