சிவப்பு நாடாவுக்கு அங்கால்

ஊரை நினைத்து ஏங்குகிறவனைக் காட்டுக்குள் கொண்டுபோய்த் தனியே இருத்திவிடுவது நோர்வேக்காரரின் வைத்தியம். நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் முகம் வாடினால் பத்துப் பேர் வந்து, தேத்தண்ணி குடித்து, இருந்த கவலையை மறக்கடித்து, புதிதாக இரண்டு கவலையைத் தந்துவிட்டுப் போவார்கள். இங்கே மரத்தடியில் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தால் காடே வீடாகிவிடுமாம்.

ஒஸ்லோவுக்கு வெளியே, ஏரிக்கரையில் நடக்கும் சிறுவர் கோடைமுகாமில் நான் சமையலறை ஆள். வீடு நகருக்குள், அம்மருட் என்கிற பகுதியில். ஊரில் அரைவாசி படித்தேன்; இங்கத்தைப் பள்ளிக்கூடத்தை நானே மன்னித்து விட்டுவிட்டேன். முகாமில் வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழைய ஆளைத் துணைக்கு விடுவார்கள். அந்தத் துணையாளுக்கு நோர்வே மொழியில் 'ஃபாடர்' என்று பெயர். இந்த வருடம் என் தலையில் விழுந்தவன் மதுரைப் பையன் முத்து. வந்த நாள் முதல் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகப் போகிறானாம். அவனுடைய மொழி பேசுகிறவன் நீ ஒருவன்தான்," என்றாள் முகாம் பொறுப்பாளர் இங்ரிட்.

"நீங்க பேசறது தமிழா அண்ணே?" என்று அவன் என்னிடம் கேட்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

காட்டில் தனியே இருக்கும் நாள் வந்தது. இங்ரிட் வழிக்கு அடையாளமாக மரங்களில் சிவப்பு நாடா கட்டினாள். "சிவப்பைப் பார்த்துப் பயமில்லாமல் போங்கள்," என்றாள். எனக்குப் பழகிய சிவப்பு வேறு. சண்டை முடிந்து வன்னிக்குத் திரும்பியபோது வழி நெடுகச் சிவப்புத் தடிகள், மண்டையோட்டுப் பலகைகள். அம்மா முன்னால் நடந்தார். "என்ரை காலடியிலை மட்டும் கால் வை," என்றார். எங்கள் சிவலைப் பசுவுக்கு வாசிக்கத் தெரியாது; பலகையைத் தாண்டிப் போனது. சத்தம் மட்டும்தான் வந்தது.

விசில் ஊதியதும் எல்லோரும் திரும்பினார்கள். முத்து வரவில்லை. கூட்டிவர என்னை அனுப்பினார்கள். கடைசி நாடாவுக்கு அங்கால், புளூபெரிப் பற்றைக்குள், ஒரு கல்லின்மேல் தலையைக் கவிழ்த்தபடி குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி நேரே வந்தான்.

"அசையாதை! நிண்ட இடத்திலையே நில்!"

என்னைக் கேட்காமலே என் வாய் கத்தியது. அவன் சிலையாகிப் போனான்.

"கரடியா அண்ணே?"

அவன் கால் நின்ற இடத்தையே பார்த்தேன். கரடி என்றால் பகிடி பண்ணியிருப்பேன்.

"நான் ஊருக்கே போயிடறேண்ணே," என்று அழுதான்.

அப்படியே விட்டால் போயே விடுவான். நாடாவைத் தாண்டினேன். பாசிக்குள் கால் புதைந்தது. புதைந்த ஒவ்வொரு தரமும் காது சத்தத்துக்காகக் காத்திருந்தது. எட்டி அவன் கையைப் பிடித்தேன். பிடித்த கையை விடாமல் அங்கேயே நின்றுகொண்டேன்.

"என்னண்ணே ஆச்சு?"

"எங்கடை ஊரிலை சிவப்புக்கு அங்காலை கண்ணிவெடியடா."

அவன் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்தான். "அப்ப நான் முன்னாடி போறேன். என் காலடியிலயே வாங்க."

"டேய், நீயோ எனக்கு ஃபாடர்?"

"மொதல்ல சோறு போடுங்க, அப்புறம் பேசலாம்."

அவன் நடந்தான். காலை எடுக்க எடுக்கப் பாசி மெல்ல எழும்பி மூடிக்கொண்டது. இந்த மண்ணில் காலடி நிற்பதில்லை. அவன் மிதித்ததாக நினைத்த இடத்தில் ஒரு காலை வைத்தேன். மற்றக் கால் அம்மாவின் காலடியைத் தேடிக்கொண்டு இன்னும் காற்றில் நின்றது.