எந்தக் கரையில் கோட்டை

பயண முகவர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது ரிக்கற்றிலேயே இருக்கும், எதற்குப் போகிறார்கள் என்பது அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கும். இந்தத் தொழிலில் இருந்தவர்களும், எங்களைப் போன்றவர்களிடம் ரிக்கற் வாங்கி அலைக்கழிந்தவர்களும் இதை மறுக்க மாட்டீர்கள்.

ஜேர்மனி தெரிந்தவன்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஸ்காபரோவில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பயண முகவர் நிலையத்தில் வேலை செய்தேன். கொழும்பு, சென்னை, லண்டன் இந்த மூன்றும்தான் எங்கள் உலகம். ஒருநாள் முதலாளி நடா அண்ணை ஒரு வழவழப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஜேர்மனியில் ரைன் நதிப் பள்ளத்தாக்கு, பழைய கோட்டைகள், மலையோர நடைபாதைகள், ஏழு நாள், பஸ்ஸும் ஹோட்டலும் சேர்த்து. இருபத்திரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டாராம். கூட்டிக்கொண்டு போவது நானாம்.

கனடாவுக்கு வருகிற வழியில் நான் ஜேர்மனியில் நாலு மாதம் இருந்தது உண்மைதான். அந்த நாலு மாதமும் ஓர் அகதி முகாமிலிருந்து பலசரக்குக் கடைக்குப் போகும் ஒரு தெருவைத்தான் பார்த்தேன். அந்தத் தெருவில் கோட்டை ஒன்றும் இருக்கவில்லை. இதை அண்ணையிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீர் அங்க இருந்தனீர்தானே. உமக்குத் தெரியாட்டி எனக்கோ தெரியும்?"

கோட்டை எதற்கு

விளம்பரம் போட்டதும் ஆட்கள் வந்தார்கள். ஒருவராவது கோட்டையைப் பற்றிக் கேட்டால் என்ன? வந்தவர்களெல்லாம் சுவரில் தொங்கிய வரைபடத்தில் தங்கள் தம்பி, மச்சாள், பெறாமகள் இருக்கும் ஊர்களைத் தேடினார்கள். அஜக்ஸில் மகனோடு இருந்த சிவபாலன் மாஸ்டர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும் புத்தகத்தை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாழ்ப்பாணத்தில ஆமி இருக்கிற கோட்டைப் பக்கம் போகாதேங்கோ எண்டு ஓடித்திரிஞ்ச சனம் நாங்கள். இப்ப காசு குடுத்துப் போய்ப் பாக்கச் சொல்லுறியள்."

விரல் அகலம்

கடைசி இருக்கைக்கு வந்தவர் புவனா அக்கா. மார்க்கம் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கனடியக் கடவுச்சீட்டு கையில் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய ஒரே தம்பி சுதன் ரைன் கரையில் ஒரு சிற்றூரில், அகதிகள் விடுதியில் இருந்தான். எட்டு வருடமாக அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. முடியும்வரை, பதிந்திருக்கிற மாவட்டத்தை விட்டு அனுமதிக் கடிதமில்லாமல் ஓரடி வெளியே வைக்கக்கூடாது. ஏற்கெனவே இரண்டு தரம் பிடிபட்டு எச்சரித்து விட்டிருந்தார்கள். தம்பியை அக்கா கடைசியாகக் கண்டது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு. வேலையிடத்தில் ஒரு கிழமைதான் லீவு. அவனால் வர முடியாது, ஆகவே நான் போகவேண்டும், உங்கள் பஸ் அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டார்.

சுதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோட்டைக்குக் கீழேதான் தன்னுடைய விடுதி என்றான். வரைபடத்தில் பார்த்தேன். எங்கள் நாலாம் நாள் கோட்டைக்கும் அவனுடைய ஊருக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. மெல்லிய நீலக்கோடு ஒன்று மட்டும் ஓடியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் ஆறு இல்லை, கிணறுகள்தான். அந்த நீலக்கோடு ஒரு தடை என்று எனக்குத் தோன்றவேயில்லை. பக்கத்திலேதான் அக்கா, கோட்டை வாசலில் நிற்கச் சொல்லுகிறேன் என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு யோசனை வந்தது போல என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் கோட்டையைப் பாக்காமல் அவனோட கதைச்சுக்கொண்டு நிண்டா, அந்தக் கோட்டைக்காரர் குறை நினைப்பினமோ?"

தலை எண்ணிக்கை

ஹெல்கா என்பவர் எங்கள் வழிகாட்டி. ஆங்கிலம் பேசுவார், ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஏறுமுன் தலைகளை எண்ணுவார். முதல் கோட்டையில் இருபத்திரண்டு சரியாக இருந்தது. இரண்டாவது கோட்டைக்குத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மணிநேர நடை. பாதி வழியில் பின்னால் திரும்பிப் பார்த்தால் நடப்பவர்கள் கூடியிருந்தார்கள். விசா, பதிவு எல்லாம் சரிவந்த உறவுக்காரர்கள் தூரத்து நகரங்களிலிருந்து காரில் வந்து, புட்டுச் சட்டியும் சம்பலுமாகப் பாதையில் இணைந்திருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து சுமந்துவந்த மிளகாய்த்தூள் பொதிகள் அந்த மலைச்சரிவிலேயே கைமாறின. கோட்டை வாசலில் எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். உள்ளே போனவர் மாஸ்டர் ஒருவர்தான்.

ஹெல்கா மூன்று தடவை எண்ணினார். பிறகு தாளை என்னிடம் காட்டினார்.

"நேற்று இருபத்திரண்டு பேர். இன்றைக்கு முப்பத்தொரு பேர். இதில் யாரை நான் திரும்பக் கொண்டுபோக வேண்டும்?"

இரண்டு கோட்டை

நாலாம் நாள் புவனா அக்கா நீலப் பட்டுச்சேலையும் அதற்குக் கீழே நடைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினார். பன்னிரண்டு மணிக்குக் கோட்டை வாசலில் இறங்கினோம். சுதன் இல்லை. அரைமணி நேரம் பார்த்தோம். அக்கா மடியில் இருந்த பையைப் பிடித்தபடி வாசல் கல்லில் இருந்தார். ரிக்கற் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தொலைபேசியில் விடுதிக்கு எடுத்தேன். கோட்டை வாசலில் ஒன்றரை மணி நேரமாக நின்றுவிட்டு இப்போதுதான் வந்தேன் என்றான் சுதன். நானும் கோட்டை வாசலில்தான் நிற்கிறேன் என்றேன். கோபுரத்தில் கொடி இருக்கிறதா என்று கேட்டான், இருந்தது. அவனுடைய கோட்டையிலும் இருந்ததாம். பஸ் என்ன நிறம் என்று கேட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் வந்தான்.

"அண்ணை, வெள்ளை பஸ், பச்சைக் கோடு, எனக்கு வடிவாத் தெரியுது. நீங்கள் அங்கால் கரையில நிக்கிறியள்."

பாதை

ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு மாவட்டம், அந்தக் கரை இன்னொரு மாவட்டம். கிட்டடியில் பாலம் இல்லை. படகு இருந்தது, ஆனால் அவன் அதில் ஏறிப் பிடிபட்டால் மூன்றாவது தரம். நாங்கள்தான் போகவேண்டும். பஸ் சரியாக மூன்று மணிக்குக் கிளம்பும், சாரதி அதற்கு மேல் நிற்கமாட்டார் என்று ஹெல்கா சொன்னார். அக்காவோடு நடைபாதையில் இறங்கினேன். ஒவ்வொரு சந்தியிலும் கோட்டைப் படம் போட்ட பலகை, அம்புக்குறி. ஆற்றுக்குப் போகிற அம்பு என்று நினைத்து அரைமணி நேரம் நடந்தோம். மரங்களைத் தாண்டி வெளியே வந்தால் எங்கள் வெள்ளை பஸ் நின்றது. படியில் மாஸ்டர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அழவேண்டும் போல இருந்தது எனக்கு. அவர் எழும்பி அக்காவின் பையை வாங்கி என் தோளில் மாட்டினார்.

"பலகையைப் பாராதையும். தண்ணி பள்ளத்திலதான் ஓடும், பள்ளத்தைப் பாத்து நடவும். பஸ்ஸை நான் பாக்கிறன்."

படகுத்துறை

படகு கரையைத் தொடுமுன்பே அவன் தெரிந்தான். சாய்வான கல்தளத்தில், தண்ணீர் சப்பாத்தை நனைக்கும் இடத்தில் நின்றான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்து, இவனா என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வது, நானும் இப்போதுதானே காண்கிறேன். பிறகு அவன் சிரித்தான். அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நான் திரும்பி ஆற்றைப் பார்த்தேன்.

மணி இரண்டரையாகிவிட்டது. அடுத்த படகில் நான் திரும்பவேண்டும். அக்கா வரவில்லை என்றார். மிச்சம் மூன்று நாளும் இங்கே சுதனுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கிவிட்டு, ரயில் ஏறி நேரே விமான நிலையத்துக்கு வருவாராம். நடா அண்ணையின் முகம் கண்ணுக்குள் வந்துபோனது, ஆனாலும் தலையாட்டினேன். படகில் கால் வைக்கும்போது சுதன் எதிர்க்கரையைக் காட்டினான். எட்டு வருடமாகக் கட்டிலில் இருந்தபடியே தினமும் பார்க்கிற கோட்டை அது. நாங்கள் அதிலிருந்துதான் இறங்கி வந்திருக்கிறோம். அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாசல் தாண்டவில்லை. அவன் அக்காவைத்தான் கேட்டான்.

"அக்கா, அதுக்குள்ள என்ன இருக்கு?"

இருபத்தொன்று

மலை ஏறி முடிக்க மூன்றே கால். பஸ் நின்றது. மூன்று மணியானதும் எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிப்பறை அவசரம் வந்ததாம், வரிசையில் கடைசி ஆள் மாஸ்டராம். சாரதி கைகளைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். நான் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, ஒரு ரிக்கற் வாங்கிக் கோட்டைக்குள் ஓடினேன். ஹெல்கா பின்னால் இருந்து கூப்பிட்டது கேட்டது.

"நாலு நாளாக ஒரு கோட்டைக்குள்ளும் நீங்கள் போகவில்லை. இப்போது என்ன நடந்தது?"

தொலைபேசியில்

மாலையில் ஹோட்டலிலிருந்து விடுதிக்கு எடுத்தேன். சுதன் வந்தான். பார்த்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்: கூரை போன பெரிய மண்டபம், அதற்குள் புல், ஒரு அடுப்படி, சுவரில் ஓட்டைகள், நடுமுற்றத்தில் ஒரு கிணறு. எட்டு வருடம் பார்த்த கோட்டைக்குள் இவ்வளவுதானா என்று அவன் மனம் சோர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கிணறு என்று பக்கத்தில் நின்ற அக்காவுக்குச் சொல்வது கேட்டது. அக்கா சிரித்தார். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன்தான், மேலே கம்பிவலை, உள்ளே இருட்டு. சுதன் திரும்பத் தொலைபேசிக்கு வந்தான்.

"அண்ணை, நல்ல தண்ணியோ, உவரோ?"

இப்போதும் யாராவது வந்து ரைன் கோட்டைகளுக்கு ரிக்கற் கேட்டால், எந்தக் கரையில் நின்று பார்க்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன், அதைக் கேட்டதும் பாதிப் பேர் வேறு முகவரிடம் போய்விடுகிறார்கள்.