குறட்டையை மறைத்தவள்

சம்பந்தம் பேசப் போன வீட்டில்தான் ஜன்னத்துல் பிர்தௌஸ் என்ற பெயரை முதலில் கேட்டேன். என் சின்னம்மா மகள் ஜுபைதா பீவி, மேலப்பாளையத்துக்குள்ளேயே மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். "சொர்க்கத்துப் பேருல்லா வச்சிருக்காவ" என்று அன்றைக்கே சம்மதித்துவிட்டாள்.

பெண்ணின் அக்கா முஃபீதாவின் கதை ஊருக்கே தெரியும். குறட்டை விடுகிறாள் என்று அவளுக்கு 'ரைஸ்மில்' என்று பட்டம் கட்டினார்கள் புகுந்த வீட்டில். ஒரு பெருநாளைக்கு உம்மா வீட்டுக்கு அனுப்பியவர்கள் திரும்ப அழைக்கவே இல்லை.

பிர்தௌஸுக்கும் அதே குறட்டை. ஜுபைதாவின் மகனைக் கட்டி வந்த பிறகு, அவன் துபாயில் இருந்ததால் தனி அறையில் கதவைத் தாழிட்டுப் படுப்பாள். கல்யாண வீடுகளில் தங்கமாட்டாள். காலையில் தலைவலியோடு எழுவாள். அரிசி களைந்துகொண்டே கண்ணயர்வாள். முகம் மட்டும் செக்கச் செவேலென்று இருக்கும். நல்ல ரத்தம் என்றோம்.

போன நோன்புக்கு முன்னால் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு நானும் ஜுபைதாவும் கூடப் போனோம்.

"ரத்தத்துல சிவப்பணு ரொம்பக் கூடியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ரத்தம் கூடினா நல்லதுதானம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியம்மா. கெட்டியாகி மூளையில அடைச்சா வாதம் வந்திரும்."

உடம்பில் நீர் வற்றினாலும் கூடலாம், புகையாலும் கூடலாம், நுரையீரல், இருதயம், சிறுநீரகம் எதுவும் காரணமாகலாம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், "தூங்கும்போது குறட்டை விடுவீங்களா? மூச்சு நிக்குமா?"

"இல்லை" என்றாள் பிர்தௌஸ்.

"அப்போ எலும்பு மஜ்ஜையைச் சந்தேகப்படணும். ஒருவகை ரத்தப் புற்றுநோயா இருக்கலாம். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அதைக் கேட்டும் அவள் குறட்டையை ஒப்புக்கொள்ளவில்லை. நோயில் மௌத்தாவதைவிட, அக்காவைப் போலத் திருப்பி அனுப்பப்படுவதற்கே அதிகம் பயந்தாள்.

ஜுபைதா பொறுக்காமல் எழுந்தாள். "பொய் சொல்லுதா டாக்டரம்மா! வீடே அதிரும். அதுகூடப் பயமில்ல. நடுவுல சத்தம் நின்னு போவுது பாருங்க... இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு கதவுக்கு வெளியே உக்காந்து ஓதிக்கிட்டே கிடப்பேன்."

"மாமி, உங்களுக்குத் தெரியுமா?"

"நான் என்ன செவிடியா, ஏட்டி? உன்னைய அனுப்பிட்டு நான் யார்கிட்டச் சண்டை போடுவேன்?"

பிறகு தூக்கத்தைச் சோதித்தார்கள். அடிக்கடி மூச்சு அடைபட்டதால், காற்றுக்கு ஏங்கி உடம்பு சிவப்பணுவைப் பெருக்கியிருக்கலாம் என்றார்கள். தூங்கும்போது காற்றுத் தரும் மெஷின் வைத்தும் சிவப்பணு இறங்காவிட்டால் மதுரைதான்.

பிர்தௌஸ் இப்போது அதே வீட்டில்தான் இருக்கிறாள். மூக்கில் காற்றுக்குழாயை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறாள். அடுத்த ரத்தச் சோதனை இன்னும் எடுக்கவில்லை.